தாருஸ்ஸலாமிலிருந்து ஒரு கேள்வி: இதயத்தில் ஓட்டையுள்ள பிள்ளையைச் சென்னைக்கு அனுப்புவதா, அங்கேயே பார்ப்பதா?

கரையோரக் கணக்கன் (இழையைத் தொடங்கியவர்)

அன்பர்களுக்கு வணக்கம். பதினோரு ஆண்டுகளாகத் தான்சானியாவின் தாருஸ்ஸலாமில் ஒரு வணிக நிறுவனத்தின் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். மருத்துவத்துக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே நான் தவறாக எழுதியிருந்தால் திருத்துங்கள்.

எங்கள் குடியிருப்பின் காவலாளிக்கு நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். தாயும் பிள்ளையும் ம்பேயாவுக்கு அருகில் ஒரு கிராமத்தில் இருக்கிறார்கள். இங்கிருந்து பேருந்தில் 800 கிலோமீட்டருக்கும் மேல். கைக்குழந்தையாக இருந்தபோதே பால் குடிக்கையில் அவளுக்கு நெற்றி வியர்க்குமாம். அடிக்கடி சளிக்காய்ச்சல் வந்துகொண்டே இருந்திருக்கிறது, எடை ஏறவில்லை. ஒவ்வொரு முறையும் நிமோனியா என்று மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். சென்ற மாதம்தான் ஒரு மருத்துவமனையில் எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் பரிசோதனை) எடுத்து, இதயத்தின் கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் பெரிய ஓட்டை இருப்பதாகச் சொன்னார்களாம். அந்தத் தாளை அவர் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. அவர் தம் மார்பைத் தொட்டு 'மோயோ' என்று மட்டும் சொன்னார். சுவாஹிலியில் இதயம் என்று பொருள்.

இங்கே பொங்கலுக்குக் கூடுகின்ற பதினான்கு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு தொகை திரட்டியிருக்கிறோம். அதை எப்படிச் செலவிடுவது என்பதில்தான் ஒற்றுமை இல்லை. முன்பு ஒரு சிறுவனை அனுப்பியதைப் போல இவளையும் சென்னைக்கே அனுப்பிவிடலாம், அங்கே இது அன்றாட வேலை என்று சிலர் சொல்கிறார்கள். இந்நகரிலேயே முஹிம்பிலி மருத்துவமனை வளாகத்தில் 2015 முதல் ஜகாயா கிக்வேத்தே இதய நிறுவனம் இயங்கும்போது எதற்காக விமானம் ஏற்ற வேண்டும் என்று வேறு சிலர் கேட்கிறார்கள். ஒரு பிள்ளைக்குச் செலவழிப்பதைக் காட்டிலும், வெளிநாட்டு மருத்துவக் குழு வந்து ஒரே வாரத்தில் பல பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் முகாமுக்குக் கொடுத்தால் பயன் பெருகும் என்பது மூன்றாவது தரப்பின் கணக்கு. அந்தக் கணக்கு மிகவும் சீராக இருப்பதனாலேயே, தொழில் பழக்கத்தால், எனக்கு அதன்மேல் ஐயம் வருகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

குழாய்க்காரன்

கணக்கர் ஐயாவுக்கு, பணத்தைப் பற்றிப் பேசுமுன் அந்தத் தாளில் நுரையீரல் தமனியின் அழுத்தம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஓட்டை பெரிதாக இருந்தால் இடப்பக்கத்து இரத்தம் அழுத்தத்தோடு நுரையீரலுக்குள் பாய்ந்துகொண்டே இருக்கும். ஆண்டுக்கணக்கில் அதைத் தாங்கும் நுரையீரல் இரத்தக் குழாய்களின் சுவர் தடித்துப்போகும். ஒரு கட்டத்துக்குப் பிறகு ஓட்டம் எதிர்த்திசைக்குத் திரும்பி, பிள்ளையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அந்த நிலை வந்தபின் ஓட்டையை அடைத்தால் பிள்ளைக்குக் கேடுதான். பெரிய ஓட்டையைப் பெரும்பாலும் முதல் பிறந்தநாளுக்குள் மூடிவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். நான்கு வயதில் இன்னும் காலம் இருக்கலாம், கடந்தும் போயிருக்கலாம். வடிகுழாய் விட்டு அழுத்தத்தை அளந்து பார்த்த மருத்துவர்தான் அதைச் சொல்ல முடியும். அந்தப் பரிசோதனைக்காக நீங்கள் கடல் கடக்க வேண்டியதில்லை.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் சென்னையில் பெர்ஃப்யூஷனிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவன். அறுவையின்போது இதயத்தை நிறுத்திவைக்கும் நேரத்தில் இரத்தத்தை உடலெங்கும் ஓட்டுகின்ற இயந்திரத்தை நடத்துவது எங்கள் வேலை. எங்களுக்குள் அதைப் 'பம்ப்' என்றுதான் சொல்வோம். கிழக்கு ஆப்பிரிக்கத் தலைநகர் ஒன்றுக்கு, ஒவ்வொரு முறையும் இரண்டு வாரம் என்று மூன்று முறை முகாம் குழுவோடு போயிருக்கிறேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம்.

முதல் பயணத்தில் நாற்பத்தாறு அட்டைப்பெட்டிகள் கொண்டு சென்றோம். ஆக்சிஜனேட்டர், குழாய்கள், தையல் நூல், ஒட்டுத்துண்டு என்று ஒவ்வொன்றையும் பட்டியல் போட்டு, பெட்டிக்கு எண் எழுதி, நானே கயிறு கட்டினேன். முதல் நாள் காலை ஒரு பத்துக் கிலோப் பிள்ளை மேசையில் கிடக்க, குழாய்களைப் பூட்டும்போதுதான் 3/8 அங்குலக் குழாயையும் 1/4 அங்குலக் குழாயையும் இணைக்கும் கட்டைவிரல் அளவுள்ள பிளாஸ்டிக் இணைப்பு ஒன்றுகூட வரவில்லை என்பது தெரிந்தது. சென்னையில் இழுப்பறையைத் திறந்தால் கைநிறையக் கிடக்கும் பொருள். அந்த நகரத்தில் எங்கும் கிடைக்கவில்லை. பிள்ளையை மயக்கத்திலிருந்து எழுப்பி வார்டுக்குத் திருப்பி அனுப்பினோம். அடுத்த விமானத்தில் வந்த ஒருவர் சட்டைப்பையில் பன்னிரண்டு இணைப்புகளைப் போட்டுக்கொண்டு வந்து சேர நான்கு நாள் ஆயிற்று. பிழை முழுக்க என்னுடையது. அந்த ஊரார்மேல் துளியும் இல்லை.

இரண்டாவது பயணத்தில் கதை தலைகீழாயிற்று. ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பம்ப்பை ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். அந்த ஊர் ஆய்வகத்தில் வேலை செய்யும் இளைஞர் வாசலில் வந்து நின்று, "சிக்கிள் செல் பார்த்துவிட்டீர்களா?" என்று கேட்டார். எங்கள் குழுவில் யாரும் பார்க்கவில்லை. தமிழ்நாட்டில் நீலகிரிப் பழங்குடியினரைத் தவிர மற்றவர்களிடம் அந்த நோயை நாங்கள் காண்பது அரிது. ஆகவே அது மனத்தில் எழவே இல்லை. பம்ப்பில் உடலைக் குளிர்விப்போம்; சிக்கிள் செல் உள்ள இரத்தம் குளிரிலும் அமிலம் கூடும்போதும் அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைத்துவிடும். பரிசோதித்தபோது அந்தச் சிறுவனுக்கு நோய் இருந்தது. இரத்தத்தைப் பெரும்பகுதி மாற்றி, குளிர்விக்காமல், ஐந்து நாள் கழித்து அறுவை நடந்தது. எங்களைக் காட்டிலும் அந்த மண்ணின் பிள்ளைகளை அறிந்தவர் அந்த இளைஞர்தான் என்பதை அன்று ஒப்புக்கொண்டேன்.

முகாம்களைப் பற்றி என் கருத்து இதுதான். திருவிழாவின்போது தெரு அழகாகத்தான் இருக்கும். தேர் நிலைக்கு வந்தபின் தெரு பழையபடி ஆகிவிடும். முகாம் குழு எளிய ஓட்டைகளையே தேர்ந்தெடுக்கும், ஏனெனில் விமானம் ஏறும் நாளில் எந்தப் பிள்ளையும் வென்டிலேட்டரில் இருக்கக் கூடாது. சிக்கலான பிள்ளைகள் அடுத்த முகாமுக்குக் காத்திருப்பார்கள். அடுத்த முகாமிலும் அதே காரணத்துக்காக விடுபடுவார்கள். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: முதல் பயணத்தில் எங்களருகே நின்று குறிப்பு மட்டும் எழுதிக்கொண்டிருந்த ஒரு செவிலியர், மூன்றாவது பயணத்தில் இரவு முழுவதும் ஐசியுவைத் தாமே நடத்தினார். முகாமுக்குக் கொடுப்பதாக இருந்தால், அந்தச் செவிலியரைப் போல எத்தனை பேரை அங்கே விட்டுவிட்டு வருகிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

---

நேர்படப்பேசு

குறுக்கிடுவதற்கு மன்னிக்க வேண்டும். நம் ஊரிலேயே இதய நோயுள்ள பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்காகத் தமிழர்கள் நிதி திரட்ட வேண்டியதன் தேவை எனக்கு விளங்கவில்லை.

---

டிக்டிக்

நேர்படப்பேசு அவர்களே, கணக்கர் ஐயா அந்த நாட்டில் பதினோரு ஆண்டுகளாகச் சோறு உண்கிறார். அவர் வீட்டு வாசலில் இரவெல்லாம் விழித்திருப்பவரின் மகள் அவள். இதற்குமேல் அதில் விளக்க எதுவும் இல்லை. நம் ஊரைப் பொறுத்தவரை, 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்த பிறகு ஏழை வீட்டுப் பிள்ளையின் இதய அறுவைக்கு அரசே பணம் கட்டுகிறது. எனக்கு அறுவை நடந்த 1998-இல் அப்படி ஒன்று இல்லை. என் தந்தை ஒன்றரை ஏக்கர் நிலத்தை விற்றார்.

என் பெயர்க் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயதில் தொண்டை வலி, பிறகு முழங்காலிலும் கணுக்காலிலும் மாறி மாறி வீக்கம். வளர்ச்சி வலி என்று தைலம் தடவினார்கள். பதினான்கு வயதில் மாடிப்படி ஏற முடியாமல் போனபோதுதான் இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவிலுள்ள மைட்ரல் வால்வு முழுவதும் கெட்டுவிட்டது தெரிந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை நிறுவனத்தில் உருவாக்கிய உலோக வால்வைப் பொருத்தினார்கள். இரவில் வீடு அடங்கியபின் என் மார்பிலிருந்து கடிகாரம் போல ஒலி கேட்கும். திருமணமான புதிதில் என் கணவர் மேசைக் கடிகாரத்தை எடுத்துப்போய்க் கூடத்தில் வைத்துவிட்டு வந்து, இன்னும் கேட்கிறதே என்று விழித்தார்.

இந்த இழையில் எல்லோரும் அறுவையைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அறுவை ஒரு நாளில் முடிந்துவிட்டது. வால்வில் இரத்தம் உறையாமல் இருப்பதற்காக வார்ஃபரின் மாத்திரையை, கருவுற்றிருந்த சில மாதங்கள் நீங்கலாக, அன்று முதல் ஒரு நாள் தவறாமல் விழுங்கி வருகிறேன். இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண்ணை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். எனக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும், கூடினால் மூளையிலோ வயிற்றிலோ இரத்தம் கசியும். நாலு நாள் தொடர்ந்து முருங்கைக்கீரை சாப்பிட்டாலே எண் இறங்கிவிடும். கருவுற்றபோது நிலைமை இன்னும் கடினமாயிற்று, ஏனெனில் முதல் மாதங்களில் வார்ஃபரின் கருவை ஊனப்படுத்தக் கூடும். அப்போது மாத்திரைக்குப் பதிலாக நாள்தோறும் இருமுறை தொப்புளைச் சுற்றி ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொண்டேன். தஞ்சாவூரில், பேருந்தில் இருபது நிமிடத் தொலைவில் ஆய்வகம் இருந்ததால் நான் பிழைத்தேன், என் மகளும் பிழைத்தாள். ம்பேயாவில் ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு அந்த வால்வைப் பொருத்திவிட்டு ஐஎன்ஆர் பார்க்க எங்கே போகச் சொல்வீர்கள்?

காவலாளியின் மகளுக்கு இந்தக் கவலை இல்லை என்றே நினைக்கிறேன். ஓட்டையை ஒட்டுப்போட்டு மூடினால் வாழ்நாள் மாத்திரை தேவைப்படாது அல்லவா? குழாய்க்காரன் அண்ணா உறுதி செய்ய வேண்டும்.

---

குழாய்க்காரன்

ஆமாம் அம்மா. ஒட்டு சரியாகப் பிடித்து, நுரையீரல் அழுத்தமும் இறங்கிவிட்டால், அவ்வப்போது எக்கோ பார்த்துக்கொள்வதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இராது. சொல்லப்போனால் இந்த வகையில் ஓட்டையோடு பிறக்கும் பிள்ளை, உங்களைப் போல ருமாட்டிக் நோயால் (வாதக்காய்ச்சலால்) வால்வைப் பறிகொடுத்த பிள்ளையைக் காட்டிலும் நல்லூழ் உடையது.

---

மட்டுநகர் வைத்தியர்

நான் இலங்கையைச் சேர்ந்தவன். சிறுபிள்ளை வைத்தியராக வடக்கு உகண்டாவில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்தேன். சகோதரி எழுதியதை வாசித்தபின் சற்று விரிவாகவே எழுத வேண்டும் போலிருக்கிறது, பொறுத்தருள்க.

இருதய நோயுள்ள ஆப்பிரிக்கச் சிறுவர்கள் என்று ஒரே சொல்லில் நாம் அடக்குவதில் இரு வேறு கூட்டங்கள் இருக்கின்றன. உலகில் எங்கும் ஆயிரம் பிள்ளைகள் பிறந்தால் எட்டு ஒன்பது பேர் இருதயக் குறையோடு பிறக்கிறார்கள். அதில் கண்டத்துக்குக் கண்டம் பெரிய வேறுபாடு இல்லை. மற்றக் கூட்டம், நல்ல இருதயத்தோடு பிறந்து, ஐந்துக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்ட வயதில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமியால் வந்த தொண்டை நோவுக்கு மருந்தில்லாமல், வாதக்காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்து வால்வுகளை இழந்த பிள்ளைகள். செல்வந்த நாடுகளில் இந்த நோய் ஏறத்தாழ மறைந்துவிட்டது. நெருக்கமான வீடும், தொலைவான மருந்தகமும் இருக்கும் இடத்தில்தான் இது நிற்கிறது. 14 நாடுகளில் 3,343 நோயாளரைப் பின்தொடர்ந்த ரெமடி ஆய்வில் இரண்டு ஆண்டுகளுக்குள் நூற்றுக்குப் பதினேழு பேர் இறந்துபோனார்கள். இறந்தவர்களின் இடைநிலை வயது 28.7. அந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவரான தென்னாபிரிக்க இருதய நிபுணர் பொங்கானி மயோசி 2018-இல் காலமானார். அதே ஆண்டு மே மாதத்தில்தான் இந்நோய் பற்றிய தீர்மானம் உலக சுகாதாரப் பேரவையில் நிறைவேறியது.

நோய் எவ்வளவு மறைந்து கிடக்கிறது என்பதற்கு மொசாம்பிக் ஓர் எடுத்துக்காட்டு. பள்ளிப் பிள்ளைகளை ஸ்டெதஸ்கோப் வைத்துப் பரிசோதித்தபோது ஆயிரத்துக்கு 2.3 பேருக்கு வால்வு நோய் என்று தெரிந்தது. எக்கோ வைத்துப் பார்த்தபோது அது 30.4 ஆனது. 2007-இல் வெளியான முடிவு இது. அந்த முப்பது பேரும் வகுப்பறையில் உட்கார்ந்து, மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள்.

அப்படிப் பிடிபட்ட பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை வந்தது நான் இருந்த அதே வடக்கு உகண்டாவிலிருந்து. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை எக்கோ பார்த்து, ஆரம்ப நிலை நோயுள்ள 818 பேரைத் தேர்ந்து, பாதிப் பேருக்கு நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சதீன் பெனிசிலின் ஊசி போட்டார்கள். இரண்டு ஆண்டு முடிவில் ஊசி போட்ட பக்கத்தில் 3 பிள்ளைகளுக்கும், போடாத பக்கத்தில் 33 பிள்ளைகளுக்கும் நோய் முற்றியிருந்தது. 1950-களிலிருந்து உலகத்திடம் இருக்கும் மருந்து அது.

மலிவானது என்று சொல்லிவிடுவது எளிது. போட்டுப் பார்த்தவருக்குத்தான் அதன் பாடு தெரியும். வெள்ளைத் தூளை நீரில் கலந்தால் கெட்டிப்பால் போல ஆகும். கலந்தவுடன் போடாவிட்டால் ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும். பாதியில் அடைபட்டால் இன்னோர் ஊசி, இன்னொரு குத்து. பிள்ளை நான்கு நாள் நொண்டும். அடுத்த மாதம் வெள்ளைச் சட்டையைக் கண்டால் மாமரத்தின் உச்சியில் இருப்பான். ஒருமுறை ஒரு பாட்டி, பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு பதினாறு கிலோமீட்டர் நடந்து வந்தார். எங்களிடம் அந்த வாரம் மருந்து இருப்பில் இல்லை. அவர் ஒரு சொல்லும் கடிந்து பேசாமல் திண்ணையில் உட்கார்ந்து, துணியில் முடிந்து வந்த நிலக்கடலையை அவனுக்கு உரித்துக் கொடுத்தார், பிறகு எழுந்து நடந்தார். அடுத்த மாதம் அவர்கள் வரவில்லை. மருந்தை வாங்கிச் சேமித்து மாவட்டங்களுக்கு அனுப்ப வேண்டிய அலுவலகம் எது என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தத் திண்ணை மட்டும் எனக்கு மறக்கவில்லை.

ஆகவே கணக்கர் ஐயாவின் கேள்விக்கு வெளியே நின்று ஒன்று சொல்கிறேன்: நீங்கள் திரட்டிய தொகையில் அந்தச் சிறுமிக்குப் போக ஏதும் மிஞ்சினால், அது ஒரு மாவட்டத்தின் பெனிசிலினுக்குப் போகட்டும்.

---

நேர்படப்பேசு

என் முதல் பதிவை நான் திரும்பப் பெறவில்லை. எனினும் வைத்தியர் சொல்வதைக் கேட்டபின் வேறொரு கேள்வி எழுகிறது. ஓர் ஊசி பத்தில் ஒரு பங்காக நோயைக் குறைக்கும் என்றால், கோடிக்கணக்கில் செலவழித்து ஆப்பிரிக்க நகரங்களில் இதய அறுவை மையங்கள் கட்டுவது வீண் அல்லவா? அந்தப் பணம் முழுவதையும் ஊசிக்கே திருப்பிவிடலாமே.

---

மண்சுவர்

நான் கட்டடக் கலைஞன், மருத்துவம் அறியேன். ஆனால் "வீண்" என்ற சொல்லைப் பார்த்ததும் சூடான் தலைநகர் கார்ட்டூமில் உள்ள சலாம் இதய அறுவை மையத்தைப் பற்றிச் சொல்லத் தோன்றியது. இத்தாலிய அறுவை மருத்துவர் ஜீனோ ஸ்த்ராதா தொடங்கிய எமர்ஜென்சி அமைப்பு, நீல நைல் கரையில் சோபா என்னுமிடத்தில் 2007-இல் அதைத் திறந்தது. எந்த நாட்டுப் பிள்ளை வந்தாலும் அறுவை இலவசம். அங்கே வருவோரில் பெரும்பாலோர் வைத்தியர் குறிப்பிட்ட வாதக்காய்ச்சலால் வால்வை இழந்தவர்கள்தான்.

கோடையில் ஐம்பது பாகையைத் தொடும் வெயில், எந்தச் சன்னல் வழியாகவும் நுழைந்துவிடும் பாலைவனத் தூசி. இந்த இரண்டுக்கும் நடுவில் அறுவை அரங்கின் காற்றைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும். வெளிக்காற்றை உறிஞ்சி நிலத்தடியில் வளைந்து வளைந்து செல்லும் சுவர்களுக்கிடையே செலுத்துகிறார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் காற்று சுவரில் மோதி வேகம் இழக்க, மணல் கீழே படிந்துவிடுகிறது, காற்றும் ஓரளவு குளிர்கிறது. அதன் பிறகே குளிர்விக்கும் கருவிகளுக்குப் போகிறது; அக்கருவிகளுக்கும் சூரிய வெப்பமே உதவுகிறது. கட்டுமானப் பொருள் ஏற்றி வந்த கப்பல் கொள்கலன்களை வீணாக்காமல் மருத்துவப் பணியாளர்களின் குடியிருப்பாக மாற்றினார்கள். 2013-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. ஏழை நாட்டுக்குத் தகரக் கொட்டகை போதும் என்ற எண்ணத்துக்கு அந்தக் கட்டடமே மறுப்பு.

2023 ஏப்ரல் 15 அன்று அந்த நகரம் போர்க்களமாகிவிட்டது. கட்டடத்தைப் பற்றி நான் எழுதியதெல்லாம் அந்தத் தேதிக்கு முந்தைய நினைவாகவே எனக்குள் இருக்கிறது.

---

டிக்டிக்

அப்படியானால் அங்கே உலோக வால்வு பொருத்திக்கொண்டவர்கள் எல்லோரும் மூட்டை முடிச்சோடு ஊர் ஊராக ஓடியிருப்பார்கள். மாத்திரைப் பட்டையில் எத்தனை மிச்சம் என்று எண்ணிக்கொண்டே ஓடியிருப்பார்கள். சென்னைப் பெருவெள்ளத்தின்போது உறவினர் வீட்டில் ஐந்து நாள் மாட்டிக்கொண்டு, ஏழு மாத்திரையோடு நான் இருந்திருக்கிறேன். அதைப் போய் இதோடு ஒப்பிடவும் கூசுகிறது.

---

மட்டுநகர் வைத்தியர்

நேர்படப்பேசு அவர்களின் இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. நானே உகண்டாவில் முதல் ஆறு மாதம் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். மாறியதற்கு இரண்டு காரணங்கள்.

பிறவிக் குறையை எந்த ஊசியும் தடுக்காது. ஊசி திட்டம் முழு வெற்றி பெற்றாலும் அந்த எட்டு ஒன்பது பேர் பிறந்துகொண்டே இருப்பார்கள். இது முதற்காரணம்.

இரண்டாவது, எனக்கு அனுபவத்தில் தெரிந்தது. எக்கோ கருவியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனால், ஆரம்ப நிலை நோயோடு சேர்த்து முற்றிய நோயும் கண்ணில் படும். பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியின் வால்வு முழுவதும் சிதைந்திருப்பதைத் திரையில் பார்த்துவிட்டு, அவளுடைய தாயிடம் நாட்டில் இதற்கு இடமில்லை என்று எத்தனை தடவை சொல்வது? மூன்றாவது தாயிடம் சொன்னபின் எங்கள் தொழில்நுட்பவியலாளர் அந்த வேலைக்கு வர மறுத்தார். சத்திரசிகிச்சைக்கு ஓரிடம் இருக்கும் நாட்டில்தான் பள்ளிப் பரிசோதனையும் மனச்சாட்சியோடு நடக்கும். கம்பாலாவில் முலாகோ வளாகத்தில் உகண்டா இருதய நிறுவனம் இருப்பதால்தான், வரிசை நீளமானாலும், எங்களால் ஒரு கடிதமாவது எழுதிக் கொடுக்க முடிந்தது. வரிசையில் நிற்கும்போதே பிள்ளைகள் இறந்தார்கள் என்பதையும் மறைக்கவில்லை.

ஓர் இடைச்செருகல்: உகண்டாவில் 1940-களின் இறுதியில் டேவிஸ் என்ற மருத்துவர் விவரித்த இன்னொரு நோய் உண்டு, இருதயத்தின் உட்படலம் தழும்பேறித் தோல்போலத் தடித்துவிடும், பிள்ளையின் வயிறு நீர்கோத்துப் பானையாகும். அதே நோய் கடல் கடந்து கேரளத்திலும் காணப்பட்டது. சகோதரியின் வால்வை உருவாக்கிய வலியத்தான் அவர்களே அந்நோய்க்கு மண்ணிலுள்ள சீரியம் என்னும் தனிமம் காரணமாகலாம் என்று நெடுங்காலம் ஆராய்ந்தவர். இந்தப் பிள்ளைகளை இணைக்கும் கோடுகள் நாம் நினைக்கும் இடத்தில் இல்லை.

---

குழாய்க்காரன்

வைத்தியரை வழிமொழிந்து, ஆள் உருவாவதைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். 1967 டிசம்பரில் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்தது கேப் டவுன். அதே கண்டத்தில் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஓர் ஓட்டையை மூட ஆளில்லாத நாடுகள் பல இருக்கின்றன என்றால், குறை ஆற்றலில் இல்லை, ஆற்றல் தங்கும் இடத்தில் இருக்கிறது. கானாவின் ஃப்ரிம்போங் போவாட்டெங் ஜெர்மனியின் ஹனோவரில் கற்று, அங்கேயே இருந்துவிடாமல் திரும்பி, அக்ராவின் கொர்லே பூ மருத்துவமனையில் இதய மையத்தை நிறுவினார். கணக்கர் ஐயாவின் தான்சானியாவில் மருத்துவர் காட்வின் காட்ஃப்ரி, இஸ்ரேலின் ஹோலோன் நகரில் சிறார் இதய அறுவையைப் பல ஆண்டுகள் பயின்று நாடு திரும்பியவர். அவரைப் பயிற்றுவித்த அமைப்பு முன்பு பிள்ளைகளை ஹோலோனுக்கு விமானத்தில் ஏற்றித்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இன்றும் ஏற்றுகிறது, கூடவே மருத்துவர், செவிலியர், மயக்கவியலாளர் என்று அணியாகவே பயிற்றுவித்து அனுப்புகிறது. ஒரு அறுவை மருத்துவரை மட்டும் பயிற்றுவித்து அனுப்பினால், சமையல்காரரை அடுப்பில்லாத வீட்டுக்கு அனுப்பியதாகும்.

இரத்தத்தையும் மறந்துவிட வேண்டாம். பத்துக் கிலோப் பிள்ளையின் உடலில் மொத்தமே 800 மில்லி இரத்தம். என் குழாய்களை நிரப்பவே அதில் பாதியளவு திரவம் போய்விடும். ஆகவே பிள்ளைக்குப் பொருந்தும் இரத்தம் முன்னதாகவே குளிர்ப்பெட்டியில் இருக்க வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவில் நான் பார்த்த இடங்களில் உறவினர் வந்து கொடுத்தால்தான் உண்டு. ம்பேயாவிலிருந்து வரும் தாய்க்குத் தாருஸ்ஸலாமில் உறவினர் ஏது? ஐயா, பதினான்கு குடும்பங்கள் என்றீர்களே, பணத்துக்கு முன் உங்கள் கைகளை நீட்டலாம்.

என் விடை: அந்தப் பிள்ளையை அங்கேயே பார்க்கச் செய்யுங்கள். அங்குள்ள மருத்துவர்கள், எங்களால் இயலாது, வெளியே அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் சென்னையை நினையுங்கள். சென்னையில் அறுவை நன்றாகவே நடக்கும். ஆனால் ஆறு மாதம் கழித்து மூச்சு வாங்கினால் அவள் போய் நிற்கப்போவது முஹிம்பிலி வாசலில்தான். அங்கே அவளுடைய கோப்பு இருக்க வேண்டும், அவள் முகம் தெரிந்தவர் இருக்க வேண்டும்.

---

கரையோரக் கணக்கன்

மூன்று வாரம் எழுதாமல் இருந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். தாயும் மகளும் பேருந்தில் வந்து சேர்ந்தார்கள். இங்குள்ள இதய நிறுவனத்தில் காட்டினோம். வடிகுழாய்ப் பரிசோதனையில், நுரையீரல் அழுத்தம் கூடியிருக்கிறது, ஆனால் மருந்து கொடுத்தபோது இறங்குகிறது, மூடலாம் என்றார்கள். தாமதித்திருந்தால் இந்தச் சொல் மாறியிருக்கும் என்றும் சொன்னார்கள். குழாய்க்காரன் ஐயா முதலில் கேட்ட எண் எனக்குப் பழைய தாளிலேயே இருந்தது. என் கண்தான் அதன்மேல் படவில்லை.

நாங்கள் நினைத்ததற்கு மாறாக, அறுவைக்கு எங்கள் பணத்தில் சிறு பகுதியே தேவைப்படுகிறது. பெரிய செலவு வேறெங்கோ இருந்தது: தாய் இரண்டு மாதம் தங்குவதற்கு அறை, சாப்பாடு, ஊரில் விட்டுவந்த இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அத்தைக்குக் கொடுக்க வேண்டியது, பருவத்தில் நடாமல் விட்ட சோளம். எந்த விண்ணப்பப் படிவத்திலும் இவற்றுக்குக் கட்டம் இல்லை. கணக்குப் பேரேட்டில் இதற்கு ஒரு தனிப் பக்கம் போட்டிருக்கிறேன். இரத்தம் கொடுக்க எங்களில் ஒன்பது பேர் போனோம். இருவரை எடை குறைவு என்றும், என்னை இரத்த அழுத்தம் என்றும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அறுவைக்குப் பிறகு வீட்டில் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

---

குழாய்க்காரன்

மகிழ்ச்சி. தாயிடம் சுவாஹிலியில் நீங்களே சொல்லுங்கள்: அறுத்துத் தைத்த நெஞ்செலும்பு கூட ஆறு வாரம் ஆகும், அதுவரை பிள்ளையை அக்குளில் கைவைத்துத் தூக்கக் கூடாது. ஒரு கை கழுத்துக்கும் முதுகுக்கும் அடியில், ஒரு கை தொடைக்கு அடியில் கொடுத்து அள்ளியெடுக்க வேண்டும். அந்த ஊர்த் தாய்மார் துணியால் பிள்ளையை முதுகில் கட்டிக்கொள்வார்கள். அதையும் அந்த ஆறு வாரத்துக்கு விட்டுவிட வேண்டும். இதைச் சொல்ல நாங்கள் முதல் பயணத்தில் மறந்து, ஒரு பிள்ளை வாசலைத் தாண்டும்போதே முதுகில் ஏறியதைப் பார்த்து ஓடிப்போய் இறக்கினோம்.

இன்னொன்று, பற்களைக் காட்டினீர்களா? சொத்தைப் பல்லிலிருந்து கிருமி இரத்தத்தில் ஏறி, புதிதாகத் தைத்த ஒட்டில் போய் உட்கார்ந்துவிடும்.

---

கரையோரக் கணக்கன்

நேற்றே கேட்டார்கள் ஐயா. கீழ்வரிசையில் இரண்டு கடைவாய்ப் பற்கள் சொத்தை. ஊரிலிருந்து வந்த நாள் முதல் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு மிட்டாயாகக் கொடுத்துக்கொண்டிருந்ததை இப்போது நிறுத்தியிருக்கிறோம். வியாழக்கிழமை பல் மருத்துவரிடம் போகிறோம். அவர் சரியென்று எழுதிக் கொடுத்தபின்தான் அறுவைக்குத் தேதி தருவார்களாம்.